உப்பு ஏறிய மலைப்பாதை

காட்டுப் பாதையில் கால் வைப்பதற்கு முன்னர் எங்களோடு வந்த வழிகாட்டி இளைஞர் பழைய சேலைத் துண்டொன்றில் ஒரு பிடி உப்பை முடிந்து, அதைக் குச்சியின் நுனியில் கட்டி என் கையில் தந்தார். “அட்டை ஏறினால் பிடுங்க வேண்டாம், மாத்தயா. இதைத் தொட்டால் போதும், தானாக விழுந்துவிடும்” என்று சிங்களத்தில் சொன்னார். நனைந்த இலைச்சருகுகளுக்கு இடையே அட்டைகள் தலையைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தன. அன்று நான் காணச் சென்ற இடத்திற்கும் உப்புக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதை அந்த இளைஞர் அறிந்திருந்தாரோ என்னவோ, எனக்கு அது ஒரு நல்ல சகுனமாகவே பட்டது.

நாங்கள் சென்றது கித்துல்கலவிலுள்ள பெலிலென என்னும் குகைக்கு. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். இந்தக் குகையைப் பற்றிய செய்திகளைப் பலமுறை மொழிபெயர்த்திருக்கிறேன், தலைப்பிட்டிருக்கிறேன், அச்சுக்கும் அனுப்பியிருக்கிறேன். ஆனால் ஒருமுறையேனும் நேரில் சென்று பார்த்ததில்லை. செய்தியாளனின் வாழ்க்கையில் இத்தகைய கடன்கள் பல. ஓய்வு பெற்ற பின்னர் அவற்றை ஒவ்வொன்றாகத் தீர்த்து வருகிறேன்.

அக்குறணையிலிருந்து சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு புறப்பட்டோம். நானும், ஓய்வு பெற்ற வரலாற்றாசிரியரான நண்பர் ஒருவரும், என் மருமகனும், பதினைந்து வயதுப் பேரனுமாக நால்வர். கட்டுகஸ்தோட்டை, கண்டி, பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி வழியாகக் கினிகத்தேனையை அடைந்து, அங்கிருந்து களனி கங்கையின் பள்ளத்தாக்கில் இறங்கினால் கித்துல்கல. ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். நாவலப்பிட்டி வரை எங்களுக்குத் துணையாக வந்தது மகாவலி. எங்கள் ஊரின் கடைவீதியை அடிக்கடி வெள்ளத்தில் மூழ்கடிக்கும் பிங்கா ஓயாவும் அந்த மகாவலியில்தான் போய்க் கலக்கிறது. கினிகத்தேனையைக் கடந்ததும் நீர் திசை மாறிவிடுகிறது. மகாவலி கிழக்குக் கடலைத் தேடிப் போகிறது. களனியோ மேற்குக் கடலை நோக்கி ஓடுகிறது.

கித்துல்கல இன்று சுற்றுலாப் பயணிகளின் ஊர். ‘குவாய் நதியின் பாலம்’ என்ற ஆங்கிலத் திரைப்படம் 1957இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. அதன் பாலக் காட்சிகள் இங்கே களனி கங்கையில்தான் படமாக்கப்பட்டன. இப்போது இறப்பர்ப் படகில் ஆற்றில் பாய்வதற்கும், மாகந்தாவ வனத்தில் மலையேறுவதற்கும், பறவைகளைப் பார்ப்பதற்கும் உள்நாட்டவரும் வெளிநாட்டவரும் வந்து குவிகின்றனர். அவர்களுள் ஒரு சிறு பகுதியினரே பெலிலெனவைத் தேடிச் செல்கின்றனர். சில கிலோமீற்றர் தோட்டப் பாதையில் ஏறி, பின்னர் வாகனத்தை விட்டுவிட்டு நடக்க வேண்டும். பாதையின் ஒரு புறம் பால் வடியும் சிரட்டைகளோடு இறப்பர் மரங்கள். மறு புறம் காடு.

குகையின் முன்னே

பெலிலெனவைக் குகை என்பதைவிடப் பிரமாண்டமான பாறைக் குடை என்று சொல்வதே பொருந்தும். மேலே துருத்தி நிற்கும் பாறை மழையை மறைக்கிறது. அதன் விளிம்பிலிருந்து நீர் நூல் நூலாக விழுந்துகொண்டிருந்தது. உள்ளே தரை உலர்ந்திருந்தது. அகழ்ந்த குழிகளும், தொல்பொருள் திணைக்களத்தின் அறிவிப்புப் பலகையும் தவிர அங்கே காண வேறொன்றுமில்லை. சிகிரியாவைப் போல ஓவியங்களோ தம்புள்ளையைப் போலச் சிலைகளோ இங்கே இல்லை. ஏமாந்து திரும்புவோரும் உண்டு என்று வழிகாட்டி சொன்னார்.

ஆனால் அந்த மண்ணுக்குள் இருந்து வந்தவை உலகின் தொல்லியலாளரை நிமிர்ந்து உட்கார வைத்தவை. காலஞ்சென்ற கலாநிதி சிரான் தெரணியகலவின் ஆய்வுத் திட்டத்தின் கீழ் 1970களின் இறுதியில் இங்கே அகழாய்வு தொடங்கியது. களத்தில் நெடுநாள் உழைத்தவர் விஜேபால. படைபடையாக மண்ணை எடுத்து, கரித்துண்டுகளைக் கதிரியக்கக் காலக்கணிப்புக்கு அனுப்பினார்கள். முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் இங்கே வாழ்ந்தனர் என்பது தெளிவாயிற்று.

அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் முதன்மையானவை நுண்கற்கருவிகள். படிகக் கல்லிலும் ‘சேர்ட்’ எனப்படும் கடுங்கல்லிலும் செதுக்கப்பட்டவை. நான்கு சென்ரிமீற்றருக்கும் குறைந்த நீளமுடையவை. முக்கோணம், பிறை, சரிவகம் எனக் கணித வடிவம் கொண்டவை. இத்தகைய கருவிகள் ஐரோப்பாவில் ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பரவலாகின எனப் பாடநூல்கள் கூறி வந்தன. ஈரம் சொட்டும் ஓர் இலங்கைக் காட்டில் அதைப் போல் இரு மடங்குக்கும் மேலான பழமையுடைய கருவிகள் கிடைத்தபோது முதலில் பலர் நம்பவில்லை. பிற குகைகளிலும் அதே முடிவு வந்த பின்னரே ஏற்றுக்கொண்டார்கள். களுத்துறை மாவட்டத்தின் பாஹியன்கல குகையில் கிடைத்த நுண்கருவிகளும் எலும்பு முனைகளும் 48,000 ஆண்டுகள் வரை பழமையானவை என்று அண்மைய ஆய்வுகள் கூறுகின்றன. அந்த எலும்பு முனைகளுள் சில அம்பு முனைகளாகப் பயன்பட்டவை என 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் வழங்கியதற்கான மிகப் பழைய சான்றுகளுள் அதுவும் ஒன்று.

உணவையும் அறிகிறோம். காட்டு வாழை, காட்டுப் பலா இனம், கெகுணக் கொட்டை, மரநத்தை, குரங்கு, அணில். மழைக்காட்டில் மாவுப் பொருள் குறைவு, வேட்டை கடினம், ஆதலால் ஆதி மனிதன் அதைத் தவிர்த்தே வாழ்ந்தான் என்று அறிஞர் நெடுங்காலம் கருதி வந்தனர். இலங்கைக் குகைகளில் கிடைத்த மனிதப் பற்களின் வேதியியல் கூறுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான கட்டுரை அந்தக் கருத்தைத் தகர்த்தது. குறைந்தது இருபதாயிரம் ஆண்டுகளாக இந்த மக்கள் மழைக்காட்டையே நம்பி, அதிலேயே உண்டு, அதிலேயே வாழ்ந்தார்கள். அதுவும் காட்டை அழிக்காமல்.

இவர்களை ‘பலாங்கொடை மனிதன்’ என்ற பெயரால் அழைக்கின்றனர். பலாங்கொடைப் பகுதியில் முதலில் கிடைத்த எச்சங்களைக் கொண்டு அந்தப் பெயரை வழங்கியவர் சிரானின் தந்தையார் போல் தெரணியகல. இவர்கள் வேறோர் இனமல்லர். உடலமைப்பில் உங்களையும் என்னையும் போன்ற நவீன மனிதரே. ஆண்கள் சராசரி 174 சென்ரிமீற்றர் உயரம் எனக் கணித்திருக்கிறார்கள். என் பேரன் தன் உயரத்தை நினைத்துச் சற்றே பெருமூச்சு விட்டான்.

கடலில்லாத காட்டில் கடலுப்பு

இவை அனைத்தையும்விட என் மனத்தைப் பிணித்தது வேறொரு செய்தி. பெலிலெனவின் பழைய மண்படைகளில் கடலுப்பு வந்து சேர்ந்ததற்கான சான்று கிடைத்திருக்கிறது. அந்தப் படையின் வயது ஏறக்குறைய 27,000 ஆண்டு அல்லது அதற்கும் மேல்.

ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. கித்துல்கலவிலிருந்து மேற்குக் கரை, பறவை பறக்கும் நேர்கோட்டிலேயே இன்று அறுபது கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. அன்றோ பனியூழிக் காலம். உலகின் நீரில் பெரும்பங்கு வடக்கே பனியாக உறைந்து கிடந்தது. அந்தக் குளிர் உச்சத்தை எட்டிய வேளையில் கடல் மட்டம் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. கரை இன்னும் விலகியிருந்தது. சக்கரமில்லை, பொதிமாடில்லை, பாதையில்லை. ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டு, யானையும் சிறுத்தையும் உலாவிய காட்டினூடாக, மனிதன் தோளில் சுமந்தே உப்பு இந்த மலைக்கு ஏறியிருக்க வேண்டும். ஒரே கூட்டத்தார் கடற்கரை வரை போய் வந்தார்களா, அல்லது கரையில் வாழ்ந்தவர் கொடுக்க, இடையில் வாழ்ந்தவர் வாங்கி, மலையில் வாழ்ந்தவர் எதையோ மாற்றாகக் கொடுத்தார்களா? இரண்டில் எதுவாயினும் முடிவு ஒன்றுதான். தனித்து ஒதுங்கி வாழ்ந்த கூட்டம் எதுவும் அன்றும் இருக்கவில்லை.

குகைத் தரையில் அமர்ந்து இதை நண்பர் விளக்கிக் கொண்டிருந்தபோது எனக்கு என் சொந்த ஊர் நினைவுக்கு வந்தது.

அக்குறணையின் தோற்றம் பற்றி ஊரில் வழங்கும் மரபு ஒன்று உண்டு. இரண்டாம் இராஜசிங்க மன்னன் காலத்தில் (1635-1687) பறங்கியருக்கு எதிரான போரில் மன்னனுக்கு உதவிய மூன்று அரபியர் இங்கே நிலம் பெற்று, இவ்வூர்ப் பெண்களை மணந்து குடியேறினர் என்பது அந்த மரபு. அதை வரலாறு என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கண்டி இராச்சியத்தின் முஸ்லிம்கள் செய்த பணி ஆவணங்களில் இருக்கிறது. மலைநாட்டில் உப்பு விளையாது. கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் ஏறி வர வேண்டும். இங்கிருந்து பாக்கும் மற்ற விளைபொருளும் இறங்கிப் போக வேண்டும். இந்தப் போக்குவரத்தைக் கவனித்த அரச பிரிவுக்கு ‘மடிகே’ என்று பெயர். ‘தவளம்’ என்று சொல்லப்பட்ட பொதிமாட்டு வரிசைகளை ஓட்டிச் சென்றவர்களுள் முஸ்லிம்களின் பங்கு பெரிது. பேராசிரியை லோனா தேவராஜா 1994இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

உப்பு அன்று அரசியலும்கூட. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூலம் ஒல்லாந்தர் இலங்கையின் கரை முழுவதையும் தம் வசமாக்கிக்கொண்டனர். கண்டி மக்கள் உப்பளங்களில் உப்பெடுக்கும் உரிமையை அந்த உடன்படிக்கையிலேயே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. கரையை இழந்த அரசுக்கு உப்புப் பாதையே உயிர்நாடி. அந்தப் பாதையில் மாட்டுச் சலங்கையோடு நடந்த எங்கள் முன்னோர், தங்களுக்கு இருபத்தேழாயிரம் ஆண்டுகள் முன்னரே வேறு யாரோ அதே சுமையோடு மலையேறினர் என்பதை அறிந்திருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டு வாசகர்க்கு உமணர் நினைவு வரலாம். உப்பு வண்டிகளோடு நெய்தலிலிருந்து மலைநாடு வரை சென்ற அந்த வணிகரைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். உப்பு விற்பவன் எந்தத் திணைக்கும் அந்நியனாக இருந்ததில்லை.

யார் முதலில் வந்தவர்?

குகையில் ஓய்ந்திருந்த வேளையில் பேரன் கேட்டான். எங்கள் ஊரில் பாட்டனாரை ‘அப்பா’ என்றே அழைப்பது வழக்கம். “அப்பா, இந்த ஆக்கள் யாருட ஆக்கள்? சிங்கள ஆக்களா, தமிழ் ஆக்களா, எங்கட ஆக்களா?”

நான் உடனே விடை சொல்லவில்லை. அந்தக் கேள்வி அவனுடையதல்ல. நாங்கள் அவனுக்குக் கற்றுக் கொடுத்தது. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய ஒரு நாளேட்டில், இந்த நாட்டின் முதற்குடிகள் யார் என்பது பற்றி வாசகர் கருத்துத் தொடர் ஒன்றை நடத்தினேன். கடிதங்கள் மூட்டையாக வந்து குவிந்தன. விற்பனையும் உயர்ந்தது. ஒவ்வொருவரும் தத்தம் பக்கத்திற்கு ஆண்டுகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். நானும் அவற்றைத் திருத்தி, கவர்ச்சியான தலைப்புகள் இட்டு வெளியிட்டேன். அறிவு வளர்க்கும் பணி என்று அன்று மனதாரவே நம்பினேன்.

2018ஆம் ஆண்டு மார்ச் முதல் வாரத்தில் அந்தக் கேள்வி வேறு வடிவில் எங்கள் தெருவுக்கு வந்தது. திகன, தெல்தெனியப் பகுதிகளில் தொடங்கிய வன்முறை அக்குறணைக்கும் பரவியது. கடைகள் எரிந்தன. அவசரகாலச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது, கண்டியில் ஊரடங்கு, சமூக வலைத்தளங்களும் முடக்கப்பட்டன. எட்டு வயதுப் பேரன் விளக்கணைத்த அறையில் என் மடியில் படுத்திருந்தான். அன்றைய வசைகளுள் ‘வந்தேறிகள்’ என்பதும் ஒன்று. யார் முன், யார் பின் என்று தாளில் நான் நடத்திய விவாதமும் தெருவில் எழுந்த அந்தச் சொல்லும் ஒரே கிணற்று நீர் என்பதை அந்த இரவில்தான் உணர்ந்தேன்.

வரலாற்றுக்கு முந்திய இடங்களும் இந்த வழக்கிலிருந்து தப்பவில்லை. பலாங்கொடைக்கு அப்பாலுள்ள கூரகலவை முஸ்லிம்கள் ஜெய்லானி என்று போற்றி வந்திருக்கிறார்கள். சிறுவயதில் நானும் என் தந்தையாரோடு அங்கே சென்றிருக்கிறேன். அது பழைய பௌத்த மடாலயம் என்று பௌத்தர் கூறுகின்றனர். அங்கே பாறைகளில் புராதன பிராமி எழுத்துகளும் உண்டு. அதே மண்ணில், இரு சமயங்களுக்கும் முன்னர் வாழ்ந்து மடிந்த பலாங்கொடை மனிதனின் எலும்புக்கூடும் கிடைத்தது. அதன் வயது ஏறக்குறைய எட்டாயிரம் ஆண்டுகள். வழக்காடும் இரு தரப்புக்கும் கீழே மூன்றாமவர் ஒருவர் பேசாமல் படுத்திருந்திருக்கிறார்.

மகாவம்சத்தை எடுத்துக்கொண்டாலும் விஜயன் கப்பலிலிருந்து இறங்கும்போது கரையில் குவேனி இருக்கிறாள். முதல் வருகையைச் சொல்லும் கதையிலேயே அதற்கு முன் இருந்தவர்களும் வந்துவிடுகிறார்கள். அதற்கும் பின்னே போனால் கப்பலுக்கே வேலையில்லை. பனியூழிக் காலத்தில் பாக்கு நீரிணை தரையாகக் கிடந்தது. இலங்கை இறுதியாகத் துண்டிக்கப்பட்டுத் தீவானது ஏறக்குறைய ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் என்பர். திருநெல்வேலிச் சீமையின் தேரி மணலிலும் நுண்கற்கருவிகள் கிடைக்கின்றன. இடையில் கடலே இல்லாத காலத்தில் உள்நாட்டவர் யார், வெளிநாட்டவர் யார்?

பேரனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: “மகன், இவர்களுக்கு நமது பெயர்கள் எதுவும் தெரியாது. சிங்களம், தமிழ், அரபு எதுவும் இவர்கள் காலத்தில் இல்லை. இவர்கள் யாருடைய ஆட்களும் அல்லர். இவர்களுடைய இரத்தம் யாரில் எவ்வளவு ஓடுகிறது என்று பிரித்துக் காட்டவும் யாராலும் முடியாது.”

அவன் சற்று நேரம் யோசித்துவிட்டு, “அப்ப எல்லாரும் பிந்தி வந்த ஆக்கள்தானா?” என்றான். நண்பர் வாய்விட்டுச் சிரித்தார். நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் தான் சொல்ல முயன்றதைப் பையன் ஒரு வரியில் முடித்துவிட்டதாகச் சொன்னார்.

இறங்கும் வழியில்

திரும்புகையில் மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்து லயமொன்றின் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். பால்வெட்டி ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர் பலகை எடுத்துப் போட்டு, வெறுந்தேநீரும் கருப்பட்டித் துண்டும் தந்தார். குகையைப் பார்க்க வந்தோம் என்றதும், “அந்தக் கல்லுக்குள்ள அப்படி என்னத்தைத்தான் பாக்குறீங்களோ! எலும்பு எடுத்தாங்களாம். அவங்களும் நம்மள மாதிரி மனுசருதானே ஐயா” என்றார். பின்னர் தானாகவே தொடர்ந்தார்: “நாங்க இங்கயே பொறந்து, எங்க பாட்டி பூட்டியெல்லாம் இந்த மண்ணுலதான் அடக்கம். இன்னமும் ‘நீங்க எப்ப வந்தீங்க?’ன்னு கேக்கத்தான் செய்யுறாங்க.”

மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, வழியில் பலரைப் பறிகொடுத்து, கோப்பிக்கும் தேயிலைக்கும் இறப்பருக்கும் இந்த மலைகளைத் திருத்தியவர்களின் வழித்தோன்றல் அவர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய மக்களை ஒரே நாளில் நாடற்றவர்களாக்கியது. அதை மாற்றியமைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. கித்துல்கலக் குகை வாசிகளிடம் அப்படியொரு பதிவேடு இருந்திருந்தால், உப்புக் கொண்டு வந்தவனைத் திருப்பி அனுப்பியிருப்பார்களோ என்னவோ.

தொல்லியல் இடங்களைக் காக்க வேண்டும் என்று நாமெல்லாம் எழுதுகிறோம், பேசுகிறோம். பெலிலெனவுக்கும் அந்தக் காவல் தேவை. பாறையில் பெயர் கிறுக்கியிருக்கிறார்கள். பிளாஸ்ரிக் போத்தல்கள் கிடக்கின்றன. நடந்து செல்லும் பாதையையும் அதைச் சூழ்ந்த காட்டையும் சேர்த்தே காக்க வேண்டும். காடின்றேல் அந்தக் குகைக்குப் பொருளில்லை. ஆனால் எதற்காகக் காக்கிறோம் என்பதையும் தெளிந்துகொள்ள வேண்டும். நமது இனத்தின் பழமைக்கு அத்தாட்சிப் பத்திரம் தேடுவதற்காக என்றால், குகை நமக்கு எதையும் தரப்போவதில்லை. மலையில் இல்லாததைக் கடலிலிருந்து பெற்றும், வேண்டியதை மாற்றிக் கொடுத்தும் மனிதர் இந்தத் தீவில் வாழப் பழகி முப்பதாயிரம் ஆண்டுகளாகின்றன என்பதை நினைவூட்டுவதற்காக என்றால், அதைவிட மேலான ஆவணம் நம்மிடம் இல்லை.

மழை விட்டதும் புறப்பட்டோம். வாகனத்தில் ஏறும்போது பேரன் தன் உப்பு முடிச்சை வழிகாட்டி இளைஞரிடம் திருப்பிக் கொடுக்கப் போனான். “வைத்துக்கொள் தம்பி, அடுத்த முறை வரும்போது கொண்டு வா” என்று அவர் சொன்னார். மாலை மங்கும் வேளையில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து ஊருக்குள் நுழைந்தோம். கடைவீதியில் வழக்கமான நெரிசல். எங்கள் வீட்டருகே, அன்று எரிந்து பின்னர் கட்டியெழுப்பிய மளிகைக் கடையின் முன்னே லொறியொன்று நின்றது. புத்தளத்து உப்பு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.